சொல்லாமல் விட்ட மூன்றாவது ஆள்

அண்ணி,

இன்று கோகுலாஷ்டமி. கேளம்பாக்கத்தில் என் மகன் வாங்கியிருக்கும் ஃப்ளாட்டில்தான் இப்போது இருக்கிறேன். எதிர் வீட்டுப் பெண் லிஃப்ட் வாசலிலிருந்து தன் வீட்டு பூஜை அறை வரைக்கும் அரிசி மாவில் சின்னச் சின்னக் கால்களாகப் போட்டுக்கொண்டு போயிருந்தாள். பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். "மிதிச்சிடாதீங்க ஆன்ட்டி, இன்னும் காயல" என்றாள். மிதிக்கவில்லை. பாலை எடுக்க மறந்து உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தரையில் மாவைப் பார்த்தால் எனக்குக் கண்ணன் நினைவு வருவதில்லை. உங்கள் நினைவுதான் வருகிறது.

நீங்கள் போய் நாற்பத்தொரு நாள். படிக்க ஆள் இல்லாத கடிதத்தில் உண்மையைச் சொல்வது சுலபம்தான் என்று நீங்கள் நினைப்பீர்கள். என்னைப் பற்றி நீங்கள் நினைத்தது பெரும்பாலும் தப்பாக இருந்ததில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் போகிற சாலையில், நெல் மிஷினுக்குப் பின்னால் இருந்த வீடு. உங்களுக்கு இருபத்தொன்று, எனக்குப் பதினேழு. டீச்சர் டிரெயினிங் முடித்த பெண், தரங்கம்பாடிப் பக்கம், நல்ல குடும்பம் என்று தரகர் சொன்னார். எங்களைப் பற்றி உங்கள் அப்பாவிடம் என்ன சொன்னாரோ. அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. எங்களுக்குள்கூட நாங்கள் அதைச் சொல்லிக்கொண்டதில்லை. அவர் சுவரைப் பார்த்து மணிக்கணக்கில் பேசுவதற்கு "யோசனை" என்று பெயர். சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்தால் "கோவம் ஜாஸ்தி". மிஷின் ஓடுகிற சத்தத்தில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அவர் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்த நாளில், அம்மா உங்களிடம் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"ஆம்பள அப்டித்தான் கீவான். நீதான் அனுசரிச்சிக்கினு போவணும்."

நீங்கள் அம்மாவின் முகத்தை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தீர்கள். இந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது என்று அம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் உங்கள் மேல் கண் வைக்கச் சொல்லி என்னிடம் சொல்ல ஆரம்பித்தாள். "அவ எங்க போறா, யார்கிட்ட பேசறா, காயிதம் எழுதனா இன்னா எழுதறா, எல்லாத்தயும் பாத்துக்கினே இரு." எனக்கு அது வேலையாகத் தெரியவில்லை. ஒரு முக்கியத்துவம் கிடைத்ததுபோல இருந்தது.

குழந்தை பிறந்து மூன்று வயது ஆகியிருந்தபோது ஊருக்கு அம்மை குத்த வந்தார்கள். அம்மா பேரனைத் தூக்கிக்கொண்டு போய் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். மாரியாத்தா கோபித்துக்கொள்வாளாம். நீங்கள் நேராகப் போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டு வந்து, வாசலில் நின்ற டாக்டரிடம் அவன் கையை நீட்டினீர்கள். செங்கல்பட்டிலிருந்து வந்திருந்த டாக்டர். முப்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடி. ஊசி போட்டுவிட்டு நிமிர்ந்தவர், முற்றத்து மூலையில் சுவரோடு பேசிக்கொண்டிருந்த அண்ணனையே வெகுநேரம் பார்த்தார். உங்களிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். நீங்கள் தலையை மட்டும் அசைத்தீர்கள்.

அதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அம்மாவிடம் சொன்னேன். என் முதல் சாட்சி அதுதான்.

அதற்குப் பிறகு உங்களிடம் ஒவ்வொன்றாக மாறியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணனைக் கோவளம் தர்காவுக்கு அழைத்துப்போய் மந்திரித்துக்கொண்டு வருகிறேன் என்று அம்மாவிடம் கேட்டீர்கள். காத்துக் கருப்பு என்று நம்பிய அம்மாவுக்கு அதில் மறுப்பு இல்லை. மகாபலிபுரம் போய் அங்கிருந்து கோவளத்துக்கு பஸ் மாற வேண்டும். இரண்டு மாதத்தில் அண்ணனுக்குத் தூக்கம் வந்தது. மிஷினுக்குப் போய் வேலை பார்த்தார். என்னைப் பார்த்து, "இன்னா, எப்டி கீறே?" என்று கேட்டார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் அண்ணன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. தர்காவின் மகிமை என்று அம்மா சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன், நீங்கள் அம்மிக் குழவியின் முனையால் ஒரு வெள்ளை மாத்திரையை நசுக்கி மோரில் கலக்குவதைப் பார்க்கும் வரைக்கும்.

"என்ன அண்ணி அது?"

"தலைவலி மாத்திரை."

"அண்ணனுக்குத் தலவலின்னு சொல்லவே இல்லயே?"

"சொல்லத் தெரிஞ்சா சொல்லியிருப்பாரு" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

ராணியின் கதையை நீங்கள் எனக்குச் சொல்ல ஆரம்பித்ததும் அந்த நாட்களில்தான். பிற்பகலில் முறத்தில் அரிசி கொட்டி இரண்டு பேரும் கல் பொறுக்குவோம். பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்ட ஓர் இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படிப்பீர்கள். "எங்க ஊர்ல கடலோரமா ஒரு கோட்டை இருக்குல்ல, அதக் கட்டினது டேனிஷ்காரங்க. எரநூறு வருஷத்துக்கு முன்னாடி அவங்க நாட்டுல ஒரு ராணி இருந்தா. அவ கதை இது" என்றீர்கள். உங்கள் தரங்கம்பாடிக்கும் அவள்தான் ராணி, அவளுக்குத்தான் அது தெரிந்திருக்காது என்று சிரித்தீர்கள்.

அவள் பிறப்பதற்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். அண்ணன் இங்கிலாந்துக்கு ராஜா. பதினைந்து வயதில் அவளை டென்மார்க் ராஜாவுக்குக் கட்டிக் கொடுத்துக் கப்பலேற்றி அனுப்பினார்கள். கூட வந்த தோழிப் பெண்களை எல்லையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மாப்பிள்ளைக்குப் பதினேழு வயது. அழகாக இருப்பான், நன்றாகப் பேசுவான். புத்தி மட்டும் நிலையில் இல்லை. அது அரண்மனைக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

நீங்கள் இந்த இடத்தில் கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். கதையைத்தான் சொல்கிறீர்களா என்று எனக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

பிறகு ஒரு வைத்தியன் வந்தான். அவன் பேச்சுக்கு மட்டும் ராஜா அடங்கினான். ராணியின் பிள்ளைக்கு அம்மைப் பால் குத்தினான். அறைக்குள்ளேயே அழுதுகொண்டு கிடந்தவளை வெளியில் நடக்கச் சொன்னான், குதிரை ஏறச் சொன்னான். அவள் ஆம்பிள்ளை மாதிரி கால்சட்டை போட்டுக்கொண்டு குதிரையில் ஊரைச் சுற்றினாள். ஊர் வாயில் விழுந்தாள். வைத்தியன் ராஜாவின் பெயரில் நாட்டையே நடத்த ஆரம்பித்தான். ராஜாவுக்கு ஒரு சித்தி இருந்தாள், தகப்பனுடைய இரண்டாம் தாரம். அவள் காத்திருந்தாள்.

"ராணியோட வேலைக்காரிங்க என்ன பண்ணாங்க தெரியுமா?" என்று கேட்டீர்கள். "வைத்தியனோட அறைலேந்து ராணியோட அறைக்கு வர்ற நடைவழில மாவத் தூவி வச்சாங்க. சாவித் துவாரத்துல மெழுக அடச்சு வச்சாங்க. காலையில எழுந்து தடம் இருக்கான்னு பாத்தாங்க."

"இருந்திச்சா?"

"இருந்துச்சுன்னு பின்னாடி விசாரணையில சொன்னாங்க. ராணிகிட்ட சம்பளம் வாங்கினவங்கதான், அவ உடுப்ப மாத்தி விட்டவங்கதான்."

"அப்ப அவ தப்பு பண்ணாளா, அண்ணி?"

நீங்கள் முறத்தைப் புடைத்தபடி, "எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. புத்தி சரியில்லாதவனுக்குப் பதினஞ்சு வயசுப் பொண்ண மூடி மறச்சுக் கட்டிக் குடுத்தது தப்பான்னு ஒருத்தரும் கேக்கல" என்றீர்கள்.

நல்ல பதில். ஆனால் அன்று எனக்கு அது பதிலாகத் தெரியவில்லை, பதுங்கலாகத் தெரிந்தது. அடுத்த நாள் மத்தியானம், நீங்கள் பின்கட்டில் குளிக்கப் போயிருந்த நேரத்தில், தோட்டத்துக் கதவுக்கு வெளியே ஒரு பிடி அரிசி மாவைத் தூவி வைத்தேன். அந்தக் கதவு வழியாக நீங்கள் யாரையோ பார்க்கப் போகிறீர்கள் என்று எனக்குள் ஒரு கணக்கு. திரும்பி வந்து பார்த்தபோது மாவு இல்லை. துடைப்பம் சுவரில் சாய்ந்திருந்தது. பெருக்கின இடம் ஈரமாக இருந்தது. நீங்கள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தீர்கள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றோடு கதை சொல்வதை நிறுத்திவிட்டீர்கள். கேட்டபோது, "எழுதித் தரேன், நீயே படிச்சுக்க. அப்ப யாரு முகத்தையும் பாக்க வேண்டாம்ல" என்றீர்கள். கோடு போட்ட நீளமான நோட்டில் தமிழில் எழுத ஆரம்பித்தீர்கள். அது எனக்காக எழுதப்பட்டது, அண்ணி. எனக்கு அது தெரியும். இதை இரண்டு தடவை எழுதுகிறேன், அது எனக்குத் தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு வரன் வந்தது. திருக்கழுக்குன்றத்தில் லாரி வைத்துத் தொழில் செய்கிற குடும்பம். பெண் பார்த்துவிட்டுப் போய், விசாரித்துச் சொல்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு அந்த வார்த்தையே தொண்டையில் முள்ளாக நின்றது. "இன்னாத்த விசாரிப்பாங்க? ஒங்கண்ணன் கதய யாரனா சொல்லிட்டா ஒன்ன எவன்டீ கட்டுவான்? பைத்தியம் புடிச்ச ரத்தம்னு சொல்லிடுவாங்க."

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நீங்களும் அண்ணனும் பஸ் ஏறிய பிறகு, அம்மா என்னை அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பினாள். மோரில் கலந்த மாத்திரையைப் பற்றி முந்தின நாள்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

மகாபலிபுரத்தில் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. பஸ் நிற்கிற இடத்தில் கூடையில் சங்கரா மீன் வைத்து விற்றுக்கொண்டிருந்த அம்மாளுக்கு எங்கள் வீட்டைத் தெரியும், வாரம் ஒருமுறை ஊருக்கு வருகிறவள். கோவளம் பஸ் போய்விட்டதா என்று கேட்டேன்.

"ஒங்க அண்ணியத் தேடறியா? அத்தோ, கடலாண்ட கோயிலுக்குப் போற வயில மூணு பேரா போய்கினு கீறாங்களே. ஒங்கண்ணன், அண்ணி, அந்தக் கண்ணாடிக்கார டாக்டரு. வாராவாரம் வராங்க. ஒங்கண்ணன் இப்ப நல்லா கீறாரும்மா. என்னாண்ட கூடப் பேசனாரு."

சவுக்குத் தோப்புக்குள் புகுந்து போனேன். ஒரு மரத்தின் பின்னால் நின்றால் கரை முழுக்கத் தெரிந்தது. கடற்கரைக் கோயிலுக்கு இந்தப் பக்கம், மணலில் நீங்களும் டாக்டரும் நின்று பேசிக்கொண்டிருந்தீர்கள். அவர் ஒரு காகிதத்தில் எதையோ எழுதிக் காட்டினார், நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். பத்தடி தள்ளி அண்ணன் உட்கார்ந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலை அலைக்கு நீட்டி, ஒவ்வொரு அலை வரும்போதும் ஏதோ பந்தயம் கட்டியவர்போலச் சிரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் கை போட்டுக்கொண்டு பேசினார். செங்கல்பட்டுக்கு அழைத்துப்போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று, அவர் லீவு நாளில் இங்கே வந்து மருந்து கொடுக்கிறார் என்பது யாரும் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. பார்த்த மாத்திரத்தில் எல்லாம் புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அப்போது நீங்கள் திரும்பினீர்கள். தோப்பைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். ஒரு கணம் பயந்தீர்கள், அது தெரிந்தது. பிறகு, எதற்காகவோ, என்னை வரச் சொல்லிக் கையை உயர்த்தினீர்கள்.

நான் ஓடிவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது என்ன யோசித்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால், அண்ணனுக்கு மனநோய் வைத்தியம் நடக்கிறது என்று ஆகும். பெரியப்பாவுக்குத் தெரியவரும், அவர் வீட்டில் தெரிந்தால் திருக்கழுக்குன்றத்துக்குத் தெரிய ஒரு வாரம். என் கல்யாணம் நின்றுபோகும். அதில் ஒரே ஓர் ஆளை எடுத்துவிட்டால் அது வேறு கதை. மருமகள் சரியில்லை என்று சொல்லலாம். மருமகளைத் திருப்பி அனுப்பிவிடலாம். அண்ணனைத் திருப்பி அனுப்ப இடமில்லை.

வாசலிலேயே அம்மா நின்றிருந்தாள். "இன்னாடி பாத்தே?"

"அண்ணியும் டாக்டரும் கடலாண்ட நின்னு பேசிக்கினு இருந்தாங்க."

"ஒங்கண்ணன்?"

"காணோம்."

"தர்கா வாசல்ல குந்த வெச்சிட்டு இவ மகாபலிபுரத்துல சுத்தறா" என்று அம்மாவே மீதியைச் சொல்லி முடித்தாள். நான் மறுக்கவில்லை.

உங்கள் பெட்டி திறக்கப்பட்டது. புளிப் பானையின் அடியில் மாத்திரைகள் அகப்பட்டன. "மருந்து வெச்சிட்டாடீ! எம் புள்ளைக்கு மருந்து வெச்சிட்டா!" என்று அம்மா வயிற்றில் அடித்துக்கொண்டாள். இங்கிலீஷ் புத்தகத்தின் அட்டையைக் கிழித்தால் உள்ளே டாக்டரின் கையெழுத்து, புத்தகம் அவருடையது. அதன் பிறகு நோட்டு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் படிக்கச் சொன்னாள். டென்மார்க் என்று போட்டிருந்த முதல் பக்கத்தைத் தள்ளிவிட்டு நடுவில் எடுத்தேன். 'ராஜாவுக்குப் புத்தி பேதலித்திருந்தது. வைத்தியன் வந்த பிறகுதான் அவள் உயிரோடு இருப்பது அவளுக்கே தெரிந்தது.'

"யாருடீ ராஜா? எம் புள்ளயா?" என்றாள் அம்மா. நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

மூன்றாம் நாள் பிற்பகல், மிஷினை நிறுத்திவிட்டு, நெல் காயப்போடும் களத்தில் கூடினார்கள். பெரியப்பா நாற்காலியில், பங்காளிகள் நாலைந்து பேர் பாயில். தரங்கம்பாடியிலிருந்து வரவழைக்கப்பட்ட உங்கள் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார். டாக்டர் வரவில்லை. அவர்மேல் மொட்டை மனு போய், அந்த மாதமே எங்கோ மாற்றிவிட்டார்கள். அதை எழுதியது நானில்லை. அதிலும் என்னைச் சந்தேகித்திருப்பீர்கள், சந்தேகிக்க உங்களுக்கு உரிமை இருந்தது.

நீங்கள் அழவில்லை. நடந்ததை அப்படியே சொன்னீர்கள். என்ன நோய், என்ன மாத்திரை, எந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து. பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது அண்ணன் எழுந்து நின்றார்.

"நானும் இருந்தேன் பெரீப்பா. நாங்க மூணு பேரும்தான் போவோம். அவரு நல்ல டாக்டரு. எனக்குத் தூக்கம் வருது."

தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் அம்மா, "பாத்தியா, மருந்து எப்டி வேல செய்து! அவ சொல்லிக் குடுத்தத சொல்லுது பாரு" என்றாள். அண்ணன் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெள்ள உட்கார்ந்துவிட்டார்.

நீங்கள் என் பக்கம் கை நீட்டினீர்கள். "அவளக் கேளுங்க. அவ அன்னைக்கு வந்திருந்தா. தோப்புல நின்னு பாத்தா. எத்தனை பேரு இருந்தோம்னு அவளே சொல்லட்டும்."

உங்கள் குரலில் நிம்மதி இருந்தது, அண்ணி. மாவு தூவியவள் என்று தெரிந்தும், இந்த ஒரு விஷயத்தில் நான் பொய் சொல்ல மாட்டேன் என்று நம்பினீர்கள்.

"சொல்லும்மா, எத்தினி பேரு?" என்றார் பெரியப்பா.

"ரெண்டு பேரு" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், குழந்தைக்குக் கணக்குத் திருத்துகிறவர்போல, "மூணும்மா. நான் தண்ணியாண்ட குந்திக்கினு இருந்தேனே" என்றார்.

யாரோ சிரித்தார்கள். அதோடு முடிந்தது.

சாயங்கால பஸ்ஸில் உங்கள் அப்பாவோடு உங்களை ஏற்றினார்கள். பிள்ளை எங்கள் வாரிசு என்று அம்மா இடுப்பை விட்டு இறக்கவில்லை. அவன் உங்களை நோக்கித் தாவினான். நீங்கள் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றீர்கள். கண்டக்டர் இரண்டு தடவை விசில் ஊதினார். நோட்டை அம்மா வெந்நீர் அடுப்பில் போட்டாள். அதைக் கிழித்துக் கொடுத்தது நான். கடைசிப் பக்கத்தில், முகமூடி நடனம் முடிந்த விடியற்காலையில் ராணியைக் கைது செய்து, கைக்குழந்தையோடு கடற்கோட்டைக்கு வண்டியில் கொண்டுபோனார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு வெறும் கோடு.

தை மாதம் எனக்குக் கல்யாணம் ஆனது. நல்ல மனிதர்தான். போன முதல் வாரத்திலேயே என் மாமியார் கொல்லைப்பக்கத்து அறையில் இருந்த என் கணவரின் சித்தப்பாவைக் காட்டி, "இவருக்குப் புத்தி கொஞ்சம் சரியில்லம்மா, பயப்படாத, மெட்ராசுல மருந்து வாங்கித் தரோம்" என்றார். வருகிறவர்கள் எல்லோரிடமும் அப்படியேதான் சொன்னார்கள். அன்றைக்கு நான் சமையலறையில் போய் நின்று அழுதேன். புதுப்பெண் பிறந்த வீட்டை நினைத்து அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அண்ணனுக்கு மருந்து நின்றது. தர்காவும் பலிக்கவில்லை. இரண்டாம் வருஷம் வீட்டை விட்டு நடந்தே போய்விட்டார். கடப்பாக்கத்தில், இடிந்த கோட்டைக்குப் பக்கத்தில், மீன்காரக் குடும்பம் ஒன்று கஞ்சி ஊற்றி வைத்திருந்து தகவல் அனுப்பியது. கூட்டி வந்தோம். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் பேசவில்லை. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் போனார். உங்களுக்குத் தந்தி அடிக்கச் சொன்னேன், அம்மா வேண்டாம் என்றாள், நான் வற்புறுத்தவில்லை.

உங்கள் பிள்ளை, அம்மா டாக்டரோடு ஓடிப்போனாள் என்று கேட்டே வளர்ந்தான். என் மேல் அவனுக்குப் பாசம். லீவுக்கெல்லாம் என் வீட்டுக்குத்தான் வருவான். சிதம்பரத்தில் காலேஜ் சேர்ந்த வருஷம் தானாகவே விசாரித்து உங்களைத் தேடிக் கண்டுபிடித்தான். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நீங்கள் டீச்சராக இருந்தீர்கள். ஓடிப்போனவள் தனியாகத்தான் இருந்தாள்.

பல வருஷம் கழித்து நானும் வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். நீங்கள் கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, முதலில் செய்த காரியம் மேஜைமேல் இருந்த காகிதங்களை எடுத்து உள்ளறையில் வைத்துப் பூட்டியது. பிறகு காப்பி கொடுத்தீர்கள்.

"எதுக்கு வந்த?"

"சும்மா, ஒங்களப் பாக்கத்தான் அண்ணி."

"பாத்துட்டுப் போயி யார்கிட்ட சொல்லப் போற?"

டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தேன். வேறு என்ன பேசுவது என்று தெரியாமல், அந்த ராணி கடைசியில் என்ன ஆனாள் என்று கேட்டேன்.

நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். வைத்தியன் தலையை வெட்டினார்கள். அவளை ராஜாவிடமிருந்து பிரித்தார்கள். அண்ணன் ராஜா கப்பல் அனுப்பினான், தன் நாட்டுக்கு அழைக்காமல் வேறு ஒரு சின்ன ஊர் அரண்மனையில் கொண்டுபோய் வைத்தான். கைக்குழந்தையைக் கோட்டையிலேயே விட்டுவிட்டுக் கப்பல் ஏறினாள். பிள்ளைகளைப் பிறகு பார்க்கவே இல்லை. "இருபத்து மூணு வயசுல காய்ச்சல்ல செத்துட்டா."

டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எழுந்தீர்கள். "அவ செத்தா. நான் சாகல."

சொல்ல வந்ததைச் சொல்லாமலே பஸ் ஏறினேன். நீங்கள் வாசல்வரை வந்தீர்கள், வழியனுப்ப என்று நினைத்தேன். நான் தெருமுனை திரும்பும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத் தாழ் போடுகிற சத்தம் கேட்டது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் பங்காளிகளில் மிச்சமிருக்கிற இரண்டு கிழவர்களும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், "இன்னா இருந்தாலும் செத்தவங்களப் பத்தி பழசப் பேசக் கூடாது" என்று பெரிய மனதோடு சொன்னார். உங்கள் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதன், நரைத்த தலை, அந்த வார்த்தைக்குக் குனிந்தது.

நான் எழுந்து நின்றேன். "அன்னைக்கு மகாபலிபுரத்துல மூணு பேரு இருந்தாங்க. எங்க அண்ணன் இருந்தாரு. தண்ணியாண்ட குந்திக்கினு சிரிச்சிக்கினு இருந்தாரு. நான் பாத்தேன். களத்துல ரெண்டு பேருன்னு பொய் சொன்னேன். என் கல்யாணம் நின்னுடும்னு சொன்னேன்" என்றேன்.

கிழவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். வயதானால் புத்தி தடுமாறும் என்று ஒருவர் மற்றவரிடம் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அவர்கள் என்னை நம்பவில்லை, அண்ணி. அன்று அண்ணனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த நிமிஷம் தெரிந்துகொண்டேன்.

உங்கள் பிள்ளை என்னை வெளியே அழைத்துப் போனான். கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அம்மா இத என்னாண்ட எப்பவோ சொல்லிட்டாங்க அத்தை. காலேஜ் படிக்கறப்பவே."

"அப்ப ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். ஆனா முழுசா நம்பல. பாதிதான் நம்பினேன். அத்தை அவ்ளோ நல்லவங்க, அவங்க போயி அப்டிச் சொல்லியிருப்பாங்களான்னு தோணிகினே இருக்கும். அம்மாவாண்ட பேசும்போதெல்லாம் அந்தப் பாதி உள்ள இருக்கும். அவங்களுக்கும் அது தெரியும். கடைசி வரைக்கும் தெரியும்."

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கார் வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு வந்து ஏற்றிவிட்டான்.

நீங்கள் கேட்காததற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால், இவள் இப்போது எதற்கு அடிபோடுகிறாள் என்றுதான் நீங்கள் பார்ப்பீர்கள். ராணியிடமிருந்து பிள்ளைகளை ஒரேயடியாகப் பிரித்துவிட்டார்கள். உங்களுக்கு உங்கள் பிள்ளை திரும்பி வந்தான், பக்கத்தில் உட்கார்ந்தான், உங்கள் கையால் சாப்பிட்டான், முப்பது வருஷத்துக்கு மேல் பாதி நம்பாமலே. அந்தப் பாதியை நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். அது நான் வைத்தது, அண்ணி. இனி அது என்னிடம்தான் இருக்கும்.